அம்மாயி போகச் சொன்ன மலை

அம்மாவைப் பெற்ற அம்மாயியின் வருஷத் திவசம் முடியாமல் மலைக்கோயில் ஏறக்கூடாது என்று மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அது முடிந்து வந்த ஆடியில்தான் ஏற்காட்டு மலைமேல் இருக்கும் சேர்வராயன் சாமியைப் பார்க்கக் கிளம்பினோம். மாமா, அம்மா, சித்தி, நான். "என்னால வர முடியலைன்னாலும் யாராச்சும் போய் அவன்கிட்ட சொல்லிட்டு வாங்க கண்ணு" என்று முழங்கால் ஓய்ந்த நாளிலிருந்து அம்மாயி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

முதலில் கோட்டை மாரியம்மன். சேலத்தில் பிறந்தவர்களுக்கு அவளைத் தாண்டி எந்தப் பயணமும் கிடையாது. திருமணிமுத்தாற்றங்கரையில் அன்று வேப்பிலை வாசமும் கூழ் வாசமும் கலந்து கிடந்தன. அம்மா உப்பும் மிளகும் வாங்கிப் போட்டாள். வரிசை நகரவே இல்லை, யாருக்கும் அவசரமும் இல்லை.

ஆடி என்றால் அம்மாயிக்கு, சேலத்தில் குகை என்கிற பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கைதான். சாமி வேஷம் கட்டியவர்கள் அலங்கார வண்டியில் வரும் அந்த ராத்திரி மட்டும் எங்கள் வீட்டில் தறிச் சத்தம் கேட்காது. பேரன் பேத்திகளைத் திண்ணையில் வரிசையாக உட்கார வைத்துவிட்டு, கடைசி வண்டி போகும் வரை கையெடுத்துக் கும்பிட்டபடி நிற்பாள்.

தான் பிறந்த வருஷம் அவளுக்குத் தெரியாது. மேட்டூர் அணை கட்டி முடித்தபோது இடுப்புக் குழந்தையாம். அணை முடிந்தது 1934-ல். அந்தக் கணக்குக்குத் தொண்ணூறைத் தொட்டுவிட்டுத்தான் போனாள். தாத்தா தவறியபோது நாலு பிள்ளைகள், கடைசி மாமாவுக்குப் பால்குடி மறக்கவில்லை. அதுவரை நெசவுக்கு ஊடை நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தறிக்குழியில் தானே இறங்கிவிட்டாள். தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. அந்த வருஷம்தான் சேர்வராயனிடம் வேண்டிக்கொண்டாள்: தறி நிற்கக்கூடாது, வருஷத்துக்கு ஒருதரம் வந்து உன்னைப் பார்க்கிறேன்.

அவள் நெய்தது வெண்பட்டு வேட்டி. சேலம் வெண்பட்டுக்கு இன்று புவிசார் குறியீடு உண்டு, ஊருக்கே பெருமை. ஒரு சொட்டு எண்ணெய்ப் பிசுக்கு பட்டாலும் வேட்டி வீண் என்பதால் அவள் கை கழுவிக்கொண்டே இருப்பாள். அவள் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளை, பிணைக்கிறதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தறியில் தீர்ந்த பாவின் நுனி இழையையும் புதுப் பாவின் இழையையும் சேர்த்துப் பிடித்து, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு முறுக்கு. முடிச்சு கிடையாது, முறுக்கு மட்டும்தான். இப்படியே ஆயிரக்கணக்கான இழை. விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வது வழக்கம். அம்மாயி தொட்டுக்கொண்டது சேர்வராயன் திருநீறு. சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் வைத்திருப்பாள். ஒவ்வொரு இழைக்கும் அவள் உதடு அசையும். எண்ணுகிறாளா, சாமி பேரைச் சொல்கிறாளா என்று கேட்டதற்கு, "ரெண்டும் ஒண்ணுதான் போ" என்றாள்.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. சித்திக்குத் தலை சுற்றியதால் நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி எலுமிச்சம்பழம் கொடுத்தோம். ஏற்காட்டு ஏரிப் பக்கம் ஒரே கூட்டம், அங்கே இறங்கவில்லை. காப்பித் தோட்டங்களையும் சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக் கொடிகளையும் தாண்டி நேரே மேலே போய்விட்டோம்.

சேர்வராயன் கோயில் 5,326 அடி உயரத்தில், மலையின் தலையில் இருக்கிறது. உச்சி என்றாலும் கூர்மை இல்லை. பரந்த புல்வெளி, அடிக்கிற காற்று முந்தானையை நிற்க விடாது. கோயில் ஒரு குகைதான். குனிந்துதான் போக வேண்டும். உள்ளே இருட்டு, ஈரம், விளக்கு வெளிச்சம். சேர்வராயனும் காவேரியம்மனும் அந்தச் சின்ன இடத்தில் கொலுவிருக்கிறார்கள். இந்தக் குகை காவேரி வரைக்கும் போகிறது என்பது மலை மக்களின் நம்பிக்கை. அம்மாயியும் அப்படியே நம்பினாள்.

எங்கள் முறை வந்தது. மாமா பேச வாயெடுத்தார், வார்த்தை வரவில்லை. அறுபதைத் தாண்டிய மனுஷன், குகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு தேம்பிவிட்டார். சித்திதான் முன்னால் போய், பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பேசுகிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்: "சாமி, எங்கம்மா போய்ச் சேந்துட்டாங்க. கடைசி வரைக்கும் உம்பேரைச் சொல்லிட்டுத்தான் இருந்தாங்க. தறி ஓடுது. அதைச் சொல்லத்தான் வந்தோம்." பூசாரி ஒன்றும் கேட்கவில்லை. தீபாராதனை காட்டி, கை நிறையத் திருநீறு அள்ளிக் கொடுத்தார்.

மே மாதத் திருவிழாவுக்கு மலை மக்கள் எல்லாரும் கூடுவார்கள், அப்போதும் வாருங்கள் என்றார். வருவதாக மாமா சொல்லியிருக்கிறார். திருநீற்றைச் சித்தி முந்தானையில் முடிந்துகொண்டாள். வெள்ளிக்கிழமை அவள் வீட்டில் புதுப் பாவு பிணைக்க வேண்டும்.