வாடை அடித்தால் ஏரி வெளுக்கும்

கார்த்திகை மழை விடாமல் கொட்டும்போது, செயற்கைக்கோள் ரேடார் படத்தில் வெள்ளம் பார்க்கும் எங்களுக்குப் பழவேற்காடு ஏரியோரத்துத் தடா, சூளூர்ப்பேட்டை பக்கமிருந்து வரும் கேள்வி ஒன்றுதான். "மேகம் மூடியிருக்கு சார், ரேடாருக்குத் தெரியும்தானே? இன்னைக்கே படம் கிடைக்குமா?" தெரியும். இன்றே என்பதில்தான் சிக்கல்.

ரேடார் செயற்கைக்கோள் நேர்கீழே பார்ப்பதில்லை, பக்கவாட்டில்தான் பார்க்கும். பழவேற்காடு ஏரிக்கு நேர் மேலே போனாலும் அந்தச் சுற்றில் ஏரி படத்தில் விழாது. ஐரோப்பாவின் ரேடார் செயற்கைக்கோள் சென்டினல்-1ஏ பறப்பது 693 கிலோமீட்டர் உயரத்தில். அதே தடத்துக்குத் திரும்ப 12 நாள். ஏரிக்கு அக்கரையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2025 ஜூலை 30 அன்று கிளம்பிய இந்திய-அமெரிக்க ரேடார் செயற்கைக்கோள் நிசாருக்கும் 12 நாள்தான். தடம் அமைந்தாலும் மின்சாரம் அமைய வேண்டும். சென்டினலின் ஒரு சுற்று ஏறக்குறைய 99 நிமிடம்; அதில் முழுத் தரத்தில் படமெடுக்க 25 நிமிடம்தான். அதற்கு மேல் போனால் பேட்டரி இறங்கும், ஆன்டெனா மாட்யூல்கள் சூடேறும். ஒருவர் படத்தை நீட்டினால் இன்னொருவர் படம் குறையும்.

வெளியில் தெரியாத வேலை, துடிப்புக் கணக்கு. ரேடார் விட்டுவிட்டு அனுப்பும் அலைத்துணுக்குதான் துடிப்பு. ஒரு துடிப்பு தரையைத் தொட்டுத் திரும்ப 5 மில்லிநொடிக்கு மேலாகிறது. நொடிக்கு 1,700 துடிப்பு என்றால், முதல் துடிப்பின் எதிரொலி வருமுன்பே எட்டொன்பது கிளம்பியிருக்கும். அனுப்பும் கணத்தில் ரேடாரின் காது அடைத்திருக்கும். எதிரொலி அப்போது வந்து சேர்ந்தால் படத்தில் ஒரு பட்டையே காணாமல் போகும். பூமி முழு உருண்டையில்லை, உயரம் வழியெங்கும் மாறும். எனவே துடிப்பு வேகத்தையும் கேட்கும் நேரத்தையும் கோணவாரியாகப் பொருத்தி வைத்த அட்டவணையைத் தொட யாருக்கும் மனம் வராது.

இவ்வளவும் சரியாக நடந்து படம் வந்தபின் பெரும்பாலான தவறுகள் நம் கண்ணில்தான். அசையாத நீர், கண்ணாடிபோல அலையை எதிர்ப்பக்கமே தெறிக்கவிடும், கறுப்பாக வரும். வாடைக்காற்றில் ஏரி சலசலத்தால் அதே நீர் வெளுத்து, வி.வி. படத்தில் (அலையைச் செங்குத்தாக அதிரவிட்டு அனுப்பி, செங்குத்தாகவே வாங்குவது) பக்கத்து வயலோடு கலந்துவிடும். வெள்ளக்கோடு போட எச்.எச். (அனுப்புவதும் வாங்குவதும் கிடைமட்டம்) கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் வி.எச். (செங்குத்தில் அனுப்பி, கிடைமட்டத்தில் வாங்குவது) படத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். கோடையில் ஏரியின் வடபகுதி வற்றியபின் இதே ஏமாற்று தலைகீழாக நடக்கும்: காய்ந்த வழுவழுப்பான சேறும் கறுப்பாக வந்து, தண்ணீர் என்று எண்ண வைக்கும்.

படகையும் நம்பக்கூடாது. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கிழக்கு மேற்காக ஓடும் படகு, படத்தில் சுமார் 200 மீட்டர் வடக்கிலோ தெற்கிலோ தள்ளி நிற்கும். ஓடும் பொருளின் எதிரொலியில் அதிர்வெண் மாறும் டாப்ளர் விளைவு செய்யும் வேலை. கரைமேட்டில் படகு ஓடுவதாகத் தெரிந்தால் மென்பொருளைத் திட்ட வேண்டாம்.

ஒப்பிட எடுக்கும் பழைய படம் அதே தடத்தில், அதே கோணத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். தடம் மாறினால் இறால் குட்டைகளின் கரைகூட வேறு பக்கம் மின்னும். அதை உடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அடுத்த நாள் ஜீப் வீணாக அலையும்.