தமிழில் ஊர்ப்பெயர் அடித்தால் விழுகிற சர்வர்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். எடைமேடையில் லாரி ஏறியதும் விவசாயி பெயர், ஊர், எடை எல்லாம் பிரவுசரில் அடித்தால் ஆபீஸ் சர்வரில் இருக்கிற டேட்டாபேஸுக்குப் போய்விடும். பெங்களூரா மாம்பழ வரத்து உச்சத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து சர்வர் புரோகிராம் அடிக்கடி விழ ஆரம்பித்தது. “ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடுது தம்பி, விடு” என்றார் மேனேஜர். வாசலில் லாரி வரிசை நிற்கும்போது அவரும் வேறென்ன சொல்வார்.

சர்வர் எழுதிவைக்கிற லாக் ஃபைலைப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தொடக்கூடாத மெமரியைத் தொட்டு புரோகிராம் நின்றிருக்கிறது, விழுவதற்கு முன் கடைசியாக வந்தது தமிழில் அடித்த பதிவு. ‘காவேரிப்பட்டணம்’ கண்ணுக்கு 9 எழுத்துதான், கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் அது 45 பைட். தெருப்பெயரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மென்பொருளை எழுதியவர்கள் சி மொழியில் ஊருக்கு இவ்வளவு இடம் என்று ஒதுக்கிவிட்டு, வருவது அதற்குள் அடங்குமா என்று பார்க்காமலே காப்பி செய்திருக்கிறார்கள். கணக்கு நோட்டில் பெயர் நீண்டுபோய்ப் பக்கத்துத் தொகைக் கட்டத்தின் மேல் ஏறிவிடுகிற கதைதான். ஆனால் மெமரியில் பக்கத்துக் கட்டத்தில், புரோகிராம் அடுத்து எங்கே திரும்பிப் போகவேண்டும் என்கிற முகவரியே இருக்கலாம். அங்கே குப்பை ஏறினால் புரோகிராம் விழும், விவரம் தெரிந்தவன் அளந்து அனுப்பினால் அவன் வைத்த கட்டளைகள் ஓடும். நாங்கள் தொந்தரவு என்று நினைத்தது திறந்த கதவு.

மென்பொருள் கொடுத்தவர்களைக் கூப்பிட்டால் “இங்கிலீஷ்ல அடிங்க சார்” என்றார்கள். அப்புறம் பிரவுசர் கட்டத்தில் இவ்வளவுதான் அடிக்கலாம் என்கிற மேக்ஸ்லெங்த் போட்டு அனுப்பினார்கள். அது எண்ணுவது யூனிகோட் குறிகளை (‘கா’ என்றால் இரண்டு), பைட்டை அல்ல. 50 என்று வைத்தால் தமிழில் 150 பைட் தாராளமாக உள்ளே போகும். தடுப்பதும் பிரவுசரில் மட்டும்தான், பிரவுசரே இல்லாமல் நேராக அனுப்புகிறவனை அது என்ன செய்யும்? இத்தனைக்கும் முதலாளி பெங்களூரிலிருந்து கணக்குப் பார்ப்பதற்காக ரவுட்டரில் வெளியிலிருந்து சர்வருக்கு வருகிற வழியான போர்ட் வேறு திறந்து கிடந்தது.

மேனேஜரிடம் ஸ்லாமர் புழுவை, அதாவது நெட்வொர்க்கில் தானாகவே பரவுகிற புரோகிராமைப் பற்றிச் சொன்னேன். 2003 ஜனவரி 25, மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் 2000 என்கிற டேட்டாபேஸில் இதே வகை ஓட்டை, புழுவின் அளவே 376 பைட்தான், சிக்கக்கூடிய கணினிகளில் 90 சதவீதத்தைப் பத்தே நிமிடத்தில் பிடித்துவிட்டது. ஓட்டையை அடைக்கிற பேட்ச் 2002 ஜூலையிலேயே வந்திருந்தது. வேறு மென்பொருளோடு அந்த டேட்டாபேஸும் ஒட்டிக்கொண்டு வந்திருப்பதே தெரியாமல் மாட்டியவர்களும் உண்டு.

“நம்ம மாங்கா கணக்கை எவன் தம்பி திருடப் போறான்?”

“புழு ஆள் பார்த்தா வருது சார்?”

அன்றைக்கே போர்ட்டை மூடி முதலாளிக்கு அவர் மட்டும் உள்ளே வருகிற பாதுகாப்பான வழியாக விபிஎன் போட்டுக் கொடுத்தேன், கூடுதலாக ஒரு பாஸ்வேர்டு என்று அவருக்குச் சலிப்புதான். நீளத்தைச் சர்வரிலேயே சரிபார்க்கிற பதிப்பு சீசன் முடிந்து, லாரி வரத்தெல்லாம் நின்ற பிறகு வந்து சேர்ந்தது.