ரசீது எங்கே?

டி.பார்ம் என்ற பார்மசி டிப்ளமோ முடித்து, பார்மசிஸ்ட்டாக பார்மசி கவுன்சிலில் பெயரைப் பதிந்ததோடு சரி. கல்யாணமாகி தேவகோட்டைக்கு வந்து, இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடம் அனுப்பி நிமிர்வதற்குள் அந்தப் பதிவின் ரினியூவல் மறந்தே போயிருந்தது. காரைக்குடியில் ஒரு மெடிக்கலில் வேலை கேட்கப் போனேன். முதலாளி அண்ணன் சர்டிபிகேட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. “அது கிடக்கட்டும்மா, கடைசியா பணம் கட்டின ரசீது எங்கே?” என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. 1948ஆம் வருடத்துப் பார்மசி சட்டம், 34ஆம் பிரிவைப் பாருங்கள். புதுப்பித்ததற்கு அத்தாட்சியே அந்த ரசீதுதான். ஏப்ரல் 1க்கு முன்னால் கட்ட வேண்டிய பணத்தைக் கட்டாவிட்டால் பதிவாளர் நம் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவார். மறுபடி படிக்கச் சொல்வார்களோ என்று ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை எனக்கு. அப்படியெல்லாம் இல்லை, எடுத்த பெயரைத் திரும்பச் சேர்க்கவும் அதே பிரிவில் வழி இருக்கிறது.

நான் சறுக்கியது இதற்கு அப்புறம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் “எல்லாம் சேர்த்து நாலாயிரம் அக்கா, கவுன்சில் பீஸே அவ்வளவு” என்றான் பையன். எண்ணிக் கொடுத்தேன். பத்து நாளாகியும் ஒன்றும் வரவில்லை. எப்போது கேட்டாலும் “சர்வர் டவுன்” என்பான்.

பதினோராம் நாள் அவன் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, திறந்து காட்டச் சொன்னேன். விண்ணப்பம் திரும்பி வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது! சர்டிபிகேட்டில் எனக்கு அப்பா வழியில் மூன்று இனிஷியல், எங்கள் பக்கம் அது சாதாரணம். அவனோ ஆதாரைப் பார்த்து வீட்டுக்காரர் இனிஷியலைப் போட்டிருக்கிறான். எனக்கு எப்படித் தகவல் வரும்? போன் நம்பர் என்ற கட்டத்தில் அவன் நம்பர். ஓடிபி, மெசேஜ் எல்லாம் அவனுக்குத்தான் போயிருக்கிறது.

சென்னையில் கவுன்சில் ஆபீசுக்கு நேரிலேயே போய் முடித்துவிடலாம் என்று பல்லவன் ரயிலில் ஏறினேன். அது எழும்பூர் போய்ச் சேரும்போது மத்தியானம் ஆகிவிடும், பாதி நாள் போச்சு. போதாததற்குப் பத்தாம் வகுப்பு ஒரிஜினல் மார்க் ஷீட் பள்ளத்தூரில் அம்மா வீட்டு பீரோவிலேயே இருந்தது. அது முழுக்க என் தப்பு. சென்னைக்குப் போகிறவர்கள் ராத்திரி ராமேஸ்வரம் வண்டியில் போங்கள், காலையிலேயே வாசலில் நிற்கலாம்.

அடுத்த தடவை நானே என் நம்பரைக் கொடுத்து விண்ணப்பத்தைப் போட்டேன், முடிந்தது.

கட்டணத்தில் ஒன்று கவனியுங்கள். புதுப்பிக்க, எடுத்த பெயரைச் சேர்க்க, தொலைந்த சர்டிபிகேட்டுக்கு நகல் வாங்க என்று ஒவ்வொன்றும் தனிக் கணக்கு. தொகையை மாநில அரசின் விதிதான் சொல்லும், நடுவில் இருப்பவர் சொல்ல முடியாது. “எல்லாம் சேர்த்து” என்று யாராவது ஆரம்பித்தால், எதற்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நேராக அந்த சென்டருக்குப் போனேன். கவுன்சிலுக்குப் பத்துப் பைசா கட்டாதவன், சர்வீஸ் சார்ஜ் என்று ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தான். அதையும் விட்டிருக்க மாட்டேன், பிள்ளைகளைக் கூப்பிட நேரமாகிவிட்டது.