இடத்தே இருந்து பாடிய வெள்ளிக்கிழமை

கோயில் கொடைவிழாவுக்கு வில்லுப்பாட்டு பேச முன்பெல்லாம் ஊர்க்காரர்கள் வெற்றிலை பாக்கும் முன்பணமுமாக எங்கள் திண்ணைக்கு வருவார்கள். இப்போது பாதிக்கு மேல் போனிலேயே முடிந்துவிடுகிறது. "யூடியூப்ல பாத்தோம்க்கா, நீங்கதான் வரணும்" என்கிறார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். எட்டு வருஷமாகத் தலைமைப் பாட்டு பாடுகிறேன். சேரன்மகாதேவிக்கு அப்பாலும் என் பெயர் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இது எங்களுக்குச் சோறு போடும் தொழில். சித்திரை, வைகாசி, ஆடி, ஆவணி என்று கொடை நடக்கிற மாதங்களில் செவ்வாயும் வெள்ளியும்தான் வருமானம். மார்கழியில் யார் கூப்பிடுவார்கள்? பாடத் தெரிந்தவள் வாய்மூடி இருந்தாலும் வாய்ப்பு தேடி வரும் என்பதை நான் ஏற்பதில்லை. சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் ஐயாவைக் கலைவாணர் சென்னைக்கு அழைத்துப்போனார். அங்கே மேடைக்கும் வானொலிக்கும் வில்லைக் கொண்டுபோனார் ஐயா. 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ என்று கேட்ட அன்று எங்கள் குழுவே தனக்குக் கிடைத்ததுபோல் பூரித்தது. கோயில் வாசலோடு நின்றிருந்தால் அது நடந்திருக்காது.

எங்கள் வீடியோவை எடுப்பவன் சித்தி மகன். போனை நிமிர்த்திப் பிடித்தால் நானும் வில்லின் நாணை அடிக்கும் வீசுகோலும்தான் உள்ளே இருப்போம். ஆனால் வில்லுப்பாட்டு ஒற்றை ஆள் பாட்டு இல்லை. வலத்தே இருப்பவர் கதையைச் சொல்ல, இடத்தே இருப்பவர் ஏற்றுப் பாட வேண்டும். உடுக்கை, ஜால்ரா, கட்டை எல்லாம் கூடவே வர வேண்டும். குடத்தின் வாயில் பாளை மட்டையால் விழுகிற அடிதான் எல்லோரையும் நடத்திப்போகும். நான் ஒரு சேதி சொல்லி நிறுத்தினால் ஒருவர் "ஆமா" என்று வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த "ஆமா" கொஞ்சம் பிந்தினாலும் கதை நொண்டும். அதெல்லாம் திரைக்கு வெளியே கிடந்தது.

"நல்லாத்தான் இருக்கு தாயி," என்றார் குடம் அடிக்கும் மாமா. "பாக்குறவன் குடம் தானா சத்தம் போடுதுன்னு நெனைப்பான்."

அடுத்த வாரமும் அப்படியேதான் ஏற்றினேன்.

ஒரு சுடலைமாடன் கோயிலில் சாமக்கொடை. சாமியாடும் கோமரத்தாடி கச்சை கட்டித் தயாராக நிற்கிறார். சாமியை அழைத்துப் பாடும் இடம் அது. தம்பி போனை மாற்றிப் பிடிக்கிறான் என்று, பாடி முடித்த அடியையே மறுபடி எடுத்தேன். பிறகு இன்னொரு தடவை. நையாண்டி மேளக்காரர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கோயிலுக்கு வரி கொடுக்கும் வரிதாரர்களில் வயதான ஒருவர் பக்கத்தில் வந்து குனிந்து, "சாமி நிக்கும்மா" என்றார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. வள்ளியூர் பக்கம் ஓர் ஊரில் பதினொரு கொடையாக என் தோழி பாடிவந்தாள். ஒரே ஆசானிடம் பாடம் கேட்டவர்கள் நாங்கள். ஒருவர் பாடுகிற ஊருக்கு இன்னொருவர் போவதென்றால் முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம். வீடியோ பார்த்து அந்த ஊர் என்னைக் கூப்பிட்டபோது நான் கேட்கவில்லை. அவர்களாகத்தானே கூப்பிட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வைகாசியில் அவள் மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். எனக்கு அன்று பாட்டு இருந்தது. மொய்யை மாமாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் வீட்டு விசேஷத்தில் முதல் குலவை எப்போதும் என்னுடையதாக இருக்கும். தாய்மாமன் சீர் வந்து இறங்கியபோது வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

மறுவருஷம் அதே ஊரிலிருந்து மறுபடி போன் வந்தது. "அவகிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டு அவளை அழைத்தேன்.

"நீங்களே போங்க. ஊர்க்காரவ உங்களைத்தான கேக்காவ" என்றாள்.

தாவணி போட்ட நாளிலிருந்து என்னை "ஏட்டி" என்று கூப்பிட்டவள். அந்த "நீங்க" எனக்குத் தாங்கவில்லை. அந்த ஊருக்கு நான் போகவில்லை, அவள் நம்பரைக் கொடுத்தேன். அவர்கள் மூன்றாவதாக ஒரு குழுவைப் பேசிக்கொண்டார்கள். இருவருக்குமே அந்த ஊர் இல்லை என்றாகிவிட்டது.

ஆடி இரண்டாம் வெள்ளி அவளுக்கு ஒரு கொடை. இடத்தே பாடும் பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டதென்று மாமா சொன்னார். கூப்பிடாமலே போனேன். பந்தலில் ஏறி இடத்தே உட்கார்ந்து ஜால்ராவை எடுத்தேன். அவள் ஒரு கணம் பார்த்தாள், பிறகு காப்புப் பாட்டைத் தொடங்கிவிட்டாள். குருவடி பாடினாள், எங்கள் ஆசானை. அவையடக்கத்தில் சொற்குற்றம் பொருட்குற்றம் பொறுக்கச் சொல்லிச் சபையைக் கேட்கும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் விட்ட இடத்தில் எல்லாம் நான் "ஆமா" சொன்னேன். அவள் மூச்சு எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும். முன்வரிசையில் ஒரு பையன் போனைத் தூக்கினான். பின்னால் போகச் சொல்லிக் கை காட்டினேன், குடமும் உள்ளே வரும் வரைக்கும்.

வாழி பாடி முடிக்கையில் கிழக்கு வெளுத்திருந்தது. வில்லில் இருந்து கழற்றிய மணிகளை நான் துணியில் வைத்தேன். அவள் நாணைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்:

"ஏட்டி, எண்ணிக் கட்டு."