எதை இங்கே பார்ப்பது, எதை அனுப்புவது: கம்யூனிட்டி ஹாஸ்பிட்டலில் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சி

அமெரிக்காவில் மேட்ச் (ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் முறை) முடிவு வந்து, ஜூலை 1 அன்று கம்யூனிட்டி ஹாஸ்பிட்டல் (பல்கலைக்கழகத்தின் மைய மருத்துவமனையாக இல்லாத உள்ளூர் மருத்துவமனை) ஒன்றில் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சி (பொது மருத்துவ மேற்பயிற்சி) தொடங்கப் போகிறவர்களிடம் ஒரே கவலையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்க முடிகிறது: யூனிவர்சிட்டி ப்ரோகிராம் இல்லையே, பயிற்சியில் ஏதாவது குறைந்துவிடுமோ?

அதே மூன்று ஆண்டுகள், அதே ஏ.சி.ஜி.எம்.இ. (பயிற்சித் திட்டங்களை அங்கீகரிக்கும் அமைப்பு) விதிகள், முடிவில் அதே ஏ.பி.ஐ.எம். (இன்டர்னல் மெடிசினில் சான்றளிக்கும் அமைப்பு) போர்டு தேர்வு. நான்கு வார சராசரியில் வாரத்துக்கு 80 மணி நேரம், ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு, தொடர்ச்சியாக 24 மணி நேரம், அதற்கு மேல் சைன்-அவுட்டுக்காக (நோயாளிகளை அடுத்த குழுவிடம் ஒப்படைப்பதற்காக) அதிகபட்சம் 4 மணி நேரம் என்பதெல்லாம் இரண்டுக்கும் பொது. ஒரு இன்டர்ன் (முதலாண்டு ரெசிடென்ட்) பத்து நோயாளிகளுக்கு மேல் பொறுப்பேற்கக் கூடாது என்பதும் அப்படியே. (வேலை நேரத்தை உள்ளது உள்ளபடி பதிவு செய்யுங்கள். குறைத்து எழுதினால் கால அட்டவணையில் இருக்கும் ஓட்டை யார் கண்ணிலும் படாது.)

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பெரிய மருத்துவமனையில் ரெசிடென்ட்டுக்கும் அட்டெண்டிங்குக்கும் (பொறுப்பு மூத்த மருத்துவர்) நடுவே ஃபெலோ (சிறப்புத் துறையில் மேற்பயிற்சி பெறுபவர்) இருப்பார். இங்கே பல துறைகளில் ஃபெலோவே கிடையாது. இரவு இரண்டு மணிக்குக் கட்டிலருகே நிற்பவர் நீங்கள்தான்; கார்டியாலஜிஸ்ட் போனில்தான் கிடைப்பார். நியூரோசர்ஜரி, த்ராம்பெக்டமி (ரத்தக் குழாயை அடைத்த கட்டியை எடுப்பது), எக்மோ (இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் இயந்திரம்), உறுப்பு மாற்று போன்றவை பெரும்பாலும் அந்தக் கட்டடத்திலேயே இருக்காது. அதனால் ஒவ்வொரு அட்மிஷனிலும் ஒரு கேள்வி கூடவே வரும்: இவரை இங்கேயே பார்க்க முடியுமா, அனுப்ப வேண்டுமா, அனுப்புவதென்றால் எப்போது? கம்யூனிட்டி ப்ரோகிராம் கற்றுத்தரும் தலையாய பாடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் எந்த நூன் கான்ஃபரன்ஸிலும் இதைத் தனிப் பாடமாக எடுப்பது அரிது. நீங்களே தேடிக் கற்க வேண்டும்.

முதல் வாரத்திலேயே ஒரு பக்கக் குறிப்பு தயாரித்துவிடுங்கள். இந்த மருத்துவமனையில் பகலில் என்ன உண்டு, இரவிலும் வார இறுதியிலும் என்ன உண்டு என்று இரண்டு பத்தி. கேத் லேப் (இதயக் குழாய் அடைப்பைத் திறக்கும் அறை) 24 மணி நேரமும் இயங்குகிறதா? இ.ஆர்.சி.பி. (பித்தக் குழாய் எண்டோஸ்கோப்பி) செய்பவர் வாரம் முழுக்க இருக்கிறாரா, சில நாட்கள் மட்டுமா? ஐ.ஆர். (ஸ்கேன் உதவியோடு குழாய் வைப்பது போன்ற சிகிச்சை செய்யும் ரேடியாலஜி குழு) இரவில் வருவார்களா? டயாலிசிஸ் நர்ஸ் வீட்டிலிருந்து வந்து மெஷினைத் தயார் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி. (மூளை மின் அலைப் பதிவு) இரவில் உண்டா? ப்ளட் பேங்கில் ப்ளேட்லெட் இருப்பு உண்டா, வெளியிலிருந்து வரவழைக்க வேண்டுமா? ஐ.சி.யு. ஓபனா (எந்த அட்டெண்டிங்கும் பொறுப்பேற்கலாம்), க்ளோஸ்டா (ஐ.சி.யு. குழு மட்டும்)? இரவு ஸ்கேனை வெளியூரிலிருந்து டெலிரேடியாலஜியில் படித்தால், காலையில் வரும் இறுதி ரிப்போர்ட்டை இரவு ரிப்போர்ட்டோடு தவறாமல் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் மாறுபடுவது உண்டு. அந்த மாற்றம் உங்களுக்குப் போன் போட்டுச் சொல்லப்படும் என்று நம்பி இருக்காதீர்கள்.

இந்தக் குறிப்பு எப்படி உதவும் என்பதற்கு ஓர் உதாரணம், செப்டிக் ஷாக் (கிருமித் தொற்றால் ரத்த அழுத்தம் சரிவது). காய்ச்சல், இடுப்பு வலியோடு வந்த 70 கிலோ எடையுள்ளவர், ரத்த அழுத்தம் 84/50, லாக்டேட் (உறுப்புகளுக்கு ரத்தம் போதாததைக் காட்டும் அளவு) 4.6. கல்ச்சர் (கிருமியைக் கண்டறியும் பரிசோதனை) எடுத்து, அது தாமதமானாலும் ஆன்டிபயாட்டிக்கைத் தாமதிக்காமல் கொடுத்து, கிலோவுக்கு 30 மில்லி கணக்கில் சுமார் 2100 மில்லி ஃப்ளூயிட் ஏற்றுகிறீர்கள். எம்.ஏ.பி. (சராசரி ரத்த அழுத்தம்) 65-ஐத் தொடவில்லையென்றால் நாரெபினெஃப்ரின் (ரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்து). சென்ட்ரல் லைன் (பெரிய சிரைக்குள் வைக்கும் குழாய்) போடும்வரை காத்திருக்காமல் முழங்கை மடிப்பிலோ அதற்கு மேலோ உள்ள நல்ல ஐ.வி.யில் தொடங்கலாம். இதுவரை எல்லாம் சரி. ஆனால் சி.டி.யில் கல் அடைத்து வீங்கிய சிறுநீரகம் தெரிகிறது. அடைப்பைத் திறக்காதவரை ஆன்டிபயாட்டிக் மட்டும் போதாது. யூராலஜிஸ்ட் ஸ்டென்ட் வைக்க இன்றிரவு வருவாரா? இல்லை, ஐ.ஆர். நெஃப்ராஸ்டமி (முதுகு வழியே சிறுநீரகத்தில் வைக்கும் வடிகுழாய்) போடுவார்களா? இரண்டும் இல்லையென்றால் டிரான்ஸ்ஃபர் போன் அந்த நிமிடமே போக வேண்டும். "காலை வரை பார்ப்போம்" என்று இருந்தால், காலையில் அவர் ஆம்புலன்ஸில் ஏற்றக்கூட முடியாத நிலைக்குப் போயிருக்கலாம். அடுத்த 12 மணி நேரத்தில் இவருக்குத் தேவைப்படக்கூடியது எது, அதில் நம்மிடம் இல்லாதது எது? இந்தக் கேள்வியை ஐ.சி.யு.வுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் அட்மிஷன் நேரத்திலேயே கேளுங்கள்.

போனை எடுக்கும் முன் அட்டெண்டிங்கிடம் பேசியாக வேண்டும், முடிவு அவருடையது. அவரிடம் "என்ன செய்யட்டும்?" என்று கேட்பதைவிட "இதனால் இதைச் செய்யலாம் என்று நினைக்கிறேன், சரியா?" என்று கேளுங்கள். தனியார் அட்டெண்டிங்குகள் ஆளுக்கொரு நேரத்தில் ரவுண்ட்ஸ் வருவார்கள், ஆளுக்கொரு வழக்கம் வைத்திருப்பார்கள். காரணத்தை நீங்களே சொல்லிப் பழகாவிட்டால், மூன்று ஆண்டு முடிவில் பலருடைய பழக்கங்கள்தான் உங்களிடம் மிஞ்சும்.

டிரான்ஸ்ஃபர் சென்டரில் பேசும்போது முதல் வாக்கியத்திலேயே தேவையைச் சொல்லிவிடுங்கள்: "கல் அடைத்த சிறுநீரகம், செப்டிக் ஷாக், நாரெபினெஃப்ரின் ஓடுகிறது, இன்றிரவே டிரெய்னேஜ் வேண்டும், இங்கே வசதி இல்லை." முழு ஹிஸ்டரி பிறகு. ஏற்றுக்கொண்ட மருத்துவரின் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேன் படங்கள் அவர்கள் சிஸ்டத்தில் உண்மையிலேயே திறக்கின்றனவா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். எமர்ஜென்சியிலிருந்து நேராக அனுப்பினால் 1986-ஆம் ஆண்டு எம்டாலா (எமர்ஜென்சி நோயாளிகளை அனுப்புவதை முறைப்படுத்தும்) சட்டப்படியான சான்றுப் படிவம் தேவை. மூச்சுத் திணறல் கூடிக்கொண்டே போகிறவரை இன்ட்யூபேட் (மூச்சுக்குழாயில் குழாய் வைப்பது) செய்துவிட்டு அனுப்புவதே பாதுகாப்பு. ஹெலிகாப்டருக்குள் அது மிகக் கடினம். இரண்டு நல்ல ஐ.வி., பயணத்துக்கும் அதற்கு மேலும் போதுமான டிரிப் மருந்து, இவை இருக்கின்றனவா என்று நேரில் பாருங்கள்.

அதிகம் தவறுவது இதற்குப் பிறகுதான். அங்கே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், ஆனால் படுக்கை இல்லை. ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் போகிறது. "போகப்போகிற நோயாளி" என்று எல்லோர் மனத்திலும் பதிந்துவிடுவதால் யாரும் மறுபடி பரிசோதிப்பதில்லை. மணிக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். மோசமானால் மறுபடி போன் செய்து, படுக்கை வரும்வரை என்ன செய்யலாம் என்று ஏற்றுக்கொண்ட மருத்துவரிடமே கேளுங்கள். இன்னொரு தவறு மனத்தை வருத்துவது: வெகுதூரம் போய் வென்டிலேட்டரில் இருக்க ஒருபோதும் விரும்பாத முதியவரை, கோட் ஸ்டேட்டஸ் (இதயம் நின்றால் உயிர்ப்பிக்க முயல வேண்டுமா என்ற விருப்பம்) பேசாமலே அனுப்பிவைப்பது. அந்தப் பேச்சு டிரான்ஸ்ஃபர் போனுக்கு முன் நடக்க வேண்டும்.

அதே அளவு கவனம் மறுபக்கத்துக்கும் தேவை. பயத்தில் எல்லோரையும் அனுப்புவது பயிற்சியாகாது. டி.கே.ஏ. (சர்க்கரை நோயில் ரத்தத்தில் அமிலம் கூடும் நிலை), பைபேப்பில் (மாஸ்க் வழியே மூச்சுக்கு உதவும் இயந்திரம்) உள்ள சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்), கடும் ஹைப்போநெட்ரீமியா (ரத்தத்தில் சோடியம் குறைவது) ஆகியவை சரியான கண்காணிப்போடு இங்கேயே பார்க்க வேண்டியவை. சோடியம் 112, வலிப்பு என்றால் 3 சதவீத சலைன் 100 முதல் 150 மில்லி உடனே. அதன் பிறகுதான் நுணுக்கம். மதுப் பழக்கம், ஊட்டச்சத்துக் குறைவு, பொட்டாசியம் குறைவு உள்ளவர்களுக்கு சோடியத்தை 24 மணி நேரத்தில் 8 புள்ளிக்கு மேல் ஏறவிடக்கூடாது; ஏறினால் மூளைத்தண்டு பாதிக்கப்படும் அபாயம் உண்டு. உடலில் நீர் வற்றியிருந்தவருக்கு ஃப்ளூயிட் கொடுத்ததும் ஏ.டி.எச். (சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன்) சுரப்பு நிற்கிறது, சிறுநீர் மளமளவென்று பிரிகிறது, சோடியம் தானாகவே தாவுகிறது. ஆகவே லேப் முடிவுக்கு முன்பே எச்சரிப்பது சிறுநீர் அளவுதான். மணிக்கு 100 மில்லியைத் தாண்டினால் கூப்பிடும்படி நர்ஸிடம் சொல்லிவையுங்கள். வேகம் மீறினால் டெஸ்மோபிரெஸ்ஸின் (அந்த ஹார்மோனின் செயற்கை வடிவம்) 2 மைக்ரோகிராமும் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸும் கொடுத்து நிறுத்தலாம், நெஃப்ராலஜிஸ்ட்டைப் போனில் வைத்துக்கொண்டு.

இப்படிப்பட்ட நோயாளி கைமாறும்போது சைன்-அவுட்டில் "சோடியம் பார்க்கவும்" என்று எழுதுவது பயனற்றது. "இரவு 10 மணி சோடியம் வரும். 118-க்குள் இருந்தால் இதே ப்ளான். தாண்டியிருந்தால் ஃப்ளூயிட்டை நிறுத்தி நெஃப்ராலஜியை அழைக்கவும்" என்று எழுதுங்கள். ஐ-பாஸ் (சைன்-அவுட்டுக்கான படிவரிசை) முறையில் பலரும் விட்டுவிடுவது கடைசிப் படியை: கேட்டவர் தன் வாயால் திருப்பிச் சொல்வது. அரை நிமிட வேலை, விடாதீர்கள்.

ப்ரீ-ரவுண்டில் (ரவுண்ட்ஸுக்கு முன் நோயாளிகளைப் பார்த்துத் தயாராவது) ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆர்டரைப் பார்க்காமல், மருந்து கொடுத்த பதிவைப் பாருங்கள். ஐ.வி. கழன்று ஆன்டிபயாட்டிக் இரண்டு டோஸ் போகாமலேயே, "ஆன்டிபயாட்டிக்குக்கு இறங்காத காய்ச்சல்" என்று நோட் எழுதப்படுவது சாதாரணமாக நடப்பதுதான்.

ஃபெலோஷிப் எண்ணம் இருந்தால், விண்ணப்பம் மூன்றாம் ஆண்டு தொடக்கத்திலேயே போய்விடும். கையில் இருப்பது இரண்டு ஆண்டுகள்தான். ஆராய்ச்சி லேப் இல்லையே என்று வருந்த வேண்டாம். டிரான்ஸ்ஃபர் முடிவிலிருந்து ஆம்புலன்ஸ் கிளம்பும் வரையான நேரத்தை அளந்து குறைப்பதே நல்ல க்யூ.ஐ. (தர மேம்பாட்டு) ப்ராஜெக்ட். ஆகஸ்ட், செப்டம்பரில் வரும் இன்-டிரெய்னிங் தேர்வில் (பயிற்சியின் நடுவே அறிவை அளக்கும் தேர்வு) எந்தப் பிரிவில் மதிப்பெண் குறைகிறதோ, பெரும்பாலும் அது உங்கள் மருத்துவமனையில் குறைவாகப் பார்க்கும் துறையாக இருக்கும். அதை எம்.கே.எஸ்.ஏ.பி. (இன்டர்னல் மெடிசின் பயிற்சிக் கேள்வித் தொகுப்பு) கேள்விகளால் ஈடுகட்டுங்கள்.

அனுப்பிய நோயாளிகளின் பட்டியலை மருத்துவமனைச் சிஸ்டத்துக்குள்ளேயே வைத்திருங்கள், சொந்தப் போனில் வேண்டாம். இரண்டு வாரம் கழித்து அங்கிருந்து வரும் டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்தால், உங்கள் கணிப்பு சரியா, நேரம் சரியா என்று தெரியும். முடிந்தால் இரண்டாம் ஆண்டில் ஒரு மாத எலெக்டிவை (நீங்களே தேர்ந்தெடுக்கும் பயிற்சி), நீங்கள் வழக்கமாக அனுப்பும் பெரிய மருத்துவமனையின் ஐ.சி.யு.வில் கேட்டு வாங்குங்கள். இரு மருத்துவமனைகளுக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தாகவே மாதக்கணக்கில் ஆகும் என்பதால், முதல் ஆண்டு முடிவதற்குள் ப்ரோகிராம் கோஆர்டினேட்டரிடம் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.