நீல மையில் எழுதிய பயணங்கள்

1987 ஏப்ரலில், நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தபோது, மொழிபெயர்க்க எனக்குக் கிடைத்த முதல் விண்வெளிச் செய்தி ஒரு பையைப் பற்றியது. சோவியத் ஒன்றியத்தின் மிர் விண்வெளி நிலையத்துடன் இணைய வேண்டிய குவாந்த் என்ற 11 டன் ஆய்வுக்கூடம், மார்ச் 31 அன்று ஆளில்லாமல் ஏவப்பட்டு, முதல் முயற்சியில் நிலையத்தைத் தவறவிட்டு, இரண்டாம் முயற்சியில் வந்து ஒட்டிக்கொண்ட பிறகும் இறுகப் பொருந்தாமல் நின்றது. ஏப்ரல் 11 அன்று யூரி ரோமனென்கோவும் அலெக்சாந்தர் லவெய்க்கினும் விண்வெளி உடையணிந்து வெளியே சென்று பார்த்தபோதுதான், இரண்டு கலங்களும் சேருமிடத்தில் ஒரு பை சிக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. அவர்கள் அதை இழுத்து எடுத்த பிறகு குவாந்த் தன் இடத்தில் சென்று பொருந்தியது.

டெலிபிரிண்டர் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உழைத்து, அரைப் பத்தி அளவுக்கு எழுதி எடுத்துப் போனேன். செய்தி ஆசிரியர் படித்துவிட்டு, "அந்தக் குவாந்த்துக்குள்ள ஆளு இருந்தாங்களா தம்பி?" என்று கேட்டார். "இல்லை சார், வெளியே வந்தவங்க மிர்ல இருந்தவங்க" என்றேன். "அப்போ அவங்க வெளியே வந்ததை மட்டும் வைங்க, மத்ததை எடுத்துடுங்க" என்று சொல்லிச் சிவப்புப் பென்சிலால் பாதிக்கு மேல் அடித்தார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. எட்டுப் பக்க நாளிதழில், மறுநாள் கடைக்காரர் பொட்டலம் மடிக்கப் போகும் தாளில், ஆளில்லாத ஓர் உலோக உருளைக்கு யார் இடம் ஒதுக்குவார்கள்? ஆனால் அந்த உருளை எதற்காக வந்தது என்பதைச் சொல்லாமல், இரண்டு பேர் வெளியே வந்தார்கள் என்று மட்டும் சொன்னால் செய்தி எப்படி விளங்கும் என்ற கேள்வி அன்று இரவு முழுவதும் என்னை விடவில்லை.

அடுத்த வாரம் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு நீளமான பேரேட்டைக் கேட்டு வாங்கினேன். இடப்பக்கத்தில் ஆள் சென்ற பயணங்களைச் சிவப்பு மையிலும், வலப்பக்கத்தில் ஆளில்லாப் பயணங்களை நீல மையிலும் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். நூலகத்திலிருந்த ஆண்டு மலர்களையும் பழைய நாளிதழ்க் கட்டுகளையும் புரட்டி, 1971 ஏப்ரல் 19 அன்று ஏவப்பட்ட முதல் விண்வெளி நிலையமான சல்யூட்-1 வரை பின்னோக்கி நிரப்பினேன். சிவப்புப் பக்கத்தின் தொடக்கமே கனமானது. சல்யூட்-1 இல் முதன்முதலாகத் தங்கிய தோப்ரவோல்ஸ்கி, வோல்கவ், பத்சாயெவ் ஆகிய மூவரும், 1971 ஜூன் 30 அன்று அவர்கள் திரும்பிய சோயுஸ்-11 கலம் தரையிறங்கியபோது இருக்கைகளில் உயிரற்றுக் கிடந்தார்கள். கலத்தின் பகுதிகள் பிரிந்த கணத்தில் ஒரு வால்வு திறந்துகொண்டு காற்று முழுவதும் வெளியேறிவிட்டது. அவர்களுக்கு அழுத்த உடை இல்லை. அதன் பிறகு சோயுஸில் செல்வோர் ஏறும்போதும் இறங்கும்போதும் அழுத்த உடை அணிவது கட்டாயமாயிற்று. உடைக்கும் அதற்கான கருவிகளுக்கும் இடம் தேவைப்பட்டதால் பல ஆண்டுகள் மூன்றாவது இருக்கையே இல்லாமல் போனது.

நீலப் பக்கம் உண்மையில் உயிர்பெறுவது 1978 ஜனவரி 20 அன்றுதான். அன்று புரோகிரஸ்-1 ஏவப்பட்டது. சோயுஸ் விண்கலத்தில் ஆட்கள் அமர்ந்து இறங்கும் நடுப்பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எரிபொருள் தொட்டிகளை வைத்துவிட்டால் கிடைப்பதுதான் புரோகிரஸ். முன்பகுதியில் உணவு, தண்ணீர், உதிரிப் பாகங்கள், வீட்டுக் கடிதங்கள் என எல்லாமாகச் சேர்ந்து சுமார் 2.3 டன் சுமை அதில் போகும். திரும்பி வருவதற்கான வெப்பக் கவசம் அதற்கு இல்லை. கொண்டுவந்ததை இறக்கிவைத்துவிட்டு, நிலையத்தின் குப்பையை ஏற்றிக்கொண்டு, பசிபிக் பெருங்கடலுக்கு மேலே எரிந்து முடிவதற்கென்றே அதைச் செய்தார்கள். அதற்கு முன்பிருந்த சோவியத் நிலையங்களுக்கு ஒரே ஒரு இணைப்பு வாயில்தான் இருந்தது. ஏவும்போது உள்ளே வைத்து அனுப்பியது தீர்ந்தால் அவற்றின் ஆயுளும் தீர்ந்தது. சல்யூட்-6 இல் பின்புறம் இரண்டாவது வாயில் வைத்து, அதன் வழியே எரிபொருளை ஊற்றவும் வகைசெய்திருந்தார்கள். அதே ரோமனென்கோவும் கியார்கி கிரெச்கோவும் அங்கே 96 நாள்கள் தங்கியிருந்து அமெரிக்காவின் ஸ்கைலாப் நிலையச் சாதனையைக் கடந்தார்கள் என்று சிவப்புப் பக்கத்தில் எழுதியபோது, அதற்கு நேர் எதிரே நீலத்தில் புரோகிரஸ்-1 இருந்ததைக் கண்டேன். அன்றைய நாளிதழ்களைத் தேடிப் பார்த்தேன்; 96 நாள்கள் முதல் பக்கத்தில் வந்திருந்தன; புரோகிரஸ் என்ற சொல்லே எங்கும் இல்லை.

நிரப்பிக்கொண்டே வந்தபோது ஓர் இடத்தில் மட்டும் என் ஏற்பாடு உடைந்தது. 1979 இல் சோயுஸ்-34 ஆளில்லாமல் மேலே போயிருந்தது, ஆனால் ஆட்களுடன் இறங்கியிருந்தது. சோயுஸ்-32 ஆட்களுடன் போய், ஆளில்லாமல் இறங்கியிருந்தது. எந்தப் பக்கத்தில், எந்த மையில் எழுதுவது என்று புரியாமல் இரண்டையும் பென்சிலில் எழுதிவைத்துவிட்டு மேலே போனேன்.

பேரேடு தொடங்கிப் பத்து ஆண்டுகள் கழித்து, 1997 ஜூன் 25 அன்று நீலப் பக்கம் சிவப்புப் பக்கத்தின் மீதே வந்து மோதியது. நான் அன்று இரவுப் பணியில் இருந்தேன். புரோகிரஸ் எம்-34 முந்தைய நாள் மிர் நிலையத்திலிருந்து பிரிந்திருந்தது. அதை நிலையத்துக்குள் அமர்ந்தபடியே கையால் ஓட்டி மீண்டும் கொண்டுவந்து இணைக்கும் சோதனையைத் தளபதி வசீலி சிப்லியெவிடம் ஒப்படைத்திருந்தார்கள். தானாக இணைக்கும் கூர்ஸ் கருவி உக்ரைனில் செய்யப்பட்டது. சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு அதற்கு வெளிநாட்டு விலை கொடுக்க வேண்டியிருந்ததால், அது இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று பார்க்கவே இந்தச் சோதனை. சிப்லியெவின் முன்னால் இருந்தவை ஒரு சிறு தொலைக்காட்சித் திரையும் இரண்டு கைப்பிடிகளும்தான். சரக்குக் கலத்தின் கேமராவிலிருந்து வந்த படத்தில், கீழே நகரும் மேகங்களின் வெண்மைக்கு நடுவே தன் நிலையத்தை அவர் தேட வேண்டியிருந்தது. எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று சொல்லும் ரேடார் அன்று இயங்கவில்லை. அலெக்சாந்தர் லசூத்கினும் அமெரிக்கரான மைக்கேல் போலும் சன்னல்களில் கண்களை வைத்துத் தேடினார்கள். கண்ணில் பட்டபோது நேரம் கடந்துவிட்டது. ஏறத்தாழ ஏழு டன் எடையுள்ள கலம் ஸ்பெக்தர் பகுதியின் சூரியத் தகட்டிலும் சுவரிலும் மோத, காற்று கசியத் தொடங்கியது. ஸ்பெக்தரை மூட வேண்டும், ஆனால் அதன் கதவு வழியே மின்கம்பிகள் ஓடின. லசூத்கின் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்ற வராதவற்றை அறுத்தார். மூடியைப் பொருத்திய பிறகு காற்றழுத்தம் மேலும் குறையாமல் நின்றது, மின்சாரம் போயிற்று, நிலையம் இருட்டில் மெல்லச் சுழலத் தொடங்கியது. போல் சன்னலில் கட்டை விரலை நீட்டி விண்மீன்கள் அதைக் கடக்கும் நேரத்தை எண்ணிச் சுழற்சியைக் கணித்தார் என்பதைப் பின்னர் படித்தேன். அந்தக் கட்டை விரலை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

முதலில் வந்த அறிக்கைகள் தளபதியை நோக்கியே விரல் நீட்டின. 'வீரரின் தவறால் விபத்து' என்ற தலைப்பை நான்தான் வைத்தேன். பக்கம் முடிக்க இருபது நிமிடங்கள் இருந்தன, கையில் அதுதான் இருந்தது. ரேடார் இல்லாததையும், பணத் தட்டுப்பாட்டையும், மார்ச் மாதத்தில் புரோகிரஸ் எம்-33 உடன் நடந்த இதே சோதனையும் மோதலுக்கு மிக அருகில் போய்த் தப்பியதையும் அறிந்த பிறகு, அந்தத் தலைப்பு எனக்குள் நெருடிக்கொண்டே இருந்தது. அதன் பின் விபத்துச் செய்தி எதற்கும் முதல் நாளில் 'தவறு' என்ற சொல்லைத் தலைப்பில் நான் வைத்ததில்லை. இளையவர்கள் வைத்தபோதும் எடுக்கச் சொன்னேன்.

2003 பிப்ரவரி 1, சனிக்கிழமை மாலை. அமெரிக்காவின் கொலம்பியா விண்வெளி ஓடம் தரையிறங்கும் வழியில் சிதறியது. கல்பனா சாவ்லாவின் படங்களைத் தேடிச் செய்திப் பிரிவே அலைந்துகொண்டிருந்தது, அழுதவர்களும் இருந்தார்கள். அமெரிக்க ஓடங்கள் இனி எப்போது பறக்கும் என்று யாருக்கும் தெரியாத அந்த நேரத்தில், சர்வதேச விண்வெளி நிலையத்தில் பவர்சாக்ஸ், பெட்டிட், புதாரின் என்ற மூவர் இருந்தார்கள். மறுநாள் ஞாயிறு, நம் நேரப்படி மாலை ஆறரை மணி அளவில், பைக்கானூர் ஏவுதளத்திலிருந்து புரோகிரஸ் எம்-47 திட்டமிட்டபடியே கிளம்பியது. அதைப் பற்றி மூன்று வரி எழுதி, அப்போது பொறுப்பில் இருந்த செய்தி ஆசிரியரிடம் கொடுத்தேன். "இன்னைக்குப் போய் இதுவா?" என்றார். "மேலே இருக்கிற மூணு பேருக்கும் சாப்பாடும் தண்ணியும் இதுலதான் சார் போகுது" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல், கல்பனாவின் படத்துக்குக் கீழே அந்த மூன்று வரிகளுக்கு இடம் செய்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பணியில் நான் நிறைவாக எண்ணும் வரிகள் அவை. பிப்ரவரி 4 அன்று அந்தக் கலம் நிலையத்தை அடைந்தது. மூவரும் மே மாதம் சோயுஸ் டி.எம்.ஏ-1 இல் இறங்கினார்கள்; கலம் வழக்கத்தைவிடச் செங்குத்தான பாதையில் விழுந்து, குறித்த இடத்துக்கு 400 கிலோமீட்டருக்கும் அப்பால் கஜகஸ்தான் புல்வெளியில் கிடந்ததால், அவர்களைக் கண்டடையச் சில மணி நேரம் ஆனது. புரோகிரஸ் சுமந்து வரும் தண்ணீருக்கும் உணவுக்கும் ஏற்ப, நிலையத்தில் தங்குவோரை மூவரிலிருந்து இருவராகக் குறைத்தார்கள். 2006 வரை அதுவே நிலை.

2011 இல் அமெரிக்க ஓடங்கள் முற்றிலும் ஓய்வு பெற்ற ஒரே மாதத்தில், ஆகஸ்ட் 24 அன்று, புரோகிரஸ் எம்-12எம் ஏவுகலத்தின் மூன்றாம் அடுக்கு செயலிழந்து அல்தாய் பகுதியில் விழுந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகளில் புரோகிரஸ் ஒன்று சுற்றுப்பாதையை எட்டாமல் போனது அதுவே முதல் முறை. ஆட்களை ஏற்றிச் செல்லும் ஏவுகலத்தின் மூன்றாம் அடுக்கும் ஏறத்தாழ அதே வகை என்பதால், செப்டம்பரில் போக வேண்டிய மூவரை நிறுத்திவைத்து, எந்திரங்களைச் சோதித்து, நவம்பரில்தான் அனுப்பினார்கள். 'ஆள் இல்லாததால் உயிரிழப்பு இல்லை' என்று எங்கள் செய்தி முடிந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றியது; ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரையாக அதை எழுதினேன்.

என்னுடைய பெரிய பிழை 2015 ஏப்ரல் 28 அன்று நடந்தது. மாஸ்கோவிலிருந்து வந்த செய்தி, புரோகிரஸ் எம்-27எம் கட்டுப்பாட்டை இழந்து சுழல்கிறது என்றது. அமெரிக்காவிலிருந்து வந்த செய்தி புரோகிரஸ் 59 என்றது. ரஷ்யர்கள் கலத்தின் வகையை வைத்து எண்ணுகிறார்கள், அமெரிக்கர்கள் அந்த நிலையத்துக்கு வந்த வரிசையை வைத்து எண்ணுகிறார்கள் என்பதைப் பேரேடு வைத்திருந்த நானே நள்ளிரவு அவசரத்தில் மறந்து, இரண்டு கலங்கள் தொலைந்ததாக அச்சிட்டுவிட்டேன். காலையில் பள்ளி ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, போனது ஒண்ணுதானுங்களே?" என்று மிகுந்த பணிவோடு கேட்டார். மறுநாள் திருத்தம் வெளியிட்டோம். பேரேட்டில் அன்றுமுதல் மூன்றாவதாக ஒரு பத்தி பிரித்து, இரண்டு எண்களையும் அருகருகே எழுதத் தொடங்கினேன். நாளிலும் இதே தொல்லை உண்டு: மிர் ஏவப்பட்டது மாஸ்கோ நேரப்படி 1986 பிப்ரவரி 20, கிரீனிச் நேரப்படி 19.

2016 இல் புரோகிரஸ் எம்.எஸ்-04 ரஷ்யாவின் தூவா பகுதிக்கு மேலே சிதறியது. 2018 அக்டோபர் 11 அன்று சோயுஸ் எம்.எஸ்-10 ஏறும்போது, பக்கவாட்டு உந்திகளில் ஒன்று சரியாகப் பிரியாமல் நடு அடுக்கில் மோத, அலெக்சி ஒவ்சினினும் நிக் ஹேக்கும் அமர்ந்திருந்த பகுதியை மீட்பு அமைப்பு தனியே பிரித்துப் பத்திரமாகத் தரையிறக்கியது. பொருத்தும்போது வளைந்துபோன சிறு உணர்கருவி ஒன்றுதான் காரணம்.

ஓய்வு பெற்றபோது பேரேட்டை வீட்டுக்கு எடுத்துவந்தேன். 2022 டிசம்பரில் சோயுஸ் எம்.எஸ்-22 இன் குளிர்விப்பு நீர்மம் முழுவதும் விண்வெளியில் பீய்ச்சிக்கொண்டு போனது. அதில் திரும்ப வேண்டிய புரோகோப்யெவ், பெத்தெலின், ரூபியோ ஆகியோரை அந்தச் சூட்டில் இறக்க முடியாது என்று முடிவாகி, 2023 பிப்ரவரி 24 அன்று எம்.எஸ்-23 வெற்று இருக்கைகளுடன் ஏவப்பட்டது. அவரவர் உடலுக்கு அச்செடுத்துச் செய்த இருக்கை விரிப்புகளை மூவரும் எடுத்துப் புதிய கலத்தில் பொருத்தினார்கள். மார்ச் 28 அன்று எம்.எஸ்-22 ஆளில்லாமல் இறங்கியது. ஆறு மாதங்களுக்கென்று போன மூவரும் 371 நாள்களுக்குப் பிறகு, செப்டம்பர் 27 அன்று எம்.எஸ்-23 இல் இறங்கினார்கள்.

அன்று மாலை பேரேட்டைத் திறந்தேன். எம்.எஸ்-22 ஏறியதைச் சிவப்பிலும் இறங்கியதை நீலத்திலும், எம்.எஸ்-23 ஏறியதை நீலத்திலும் இறங்கியதைச் சிவப்பிலும் எழுதினேன். பிறகு 1979 ஆம் ஆண்டின் பக்கத்துக்குப் போனேன். சோயுஸ்-33 இன் எந்திரம் ஏப்ரலில் பழுதானதால், சோயுஸ்-32 இல் போயிருந்த லியாகவும் ரியூமினும் அதே வகை எந்திரத்தை நம்பி இறங்க வேண்டாம் என்று, ஜூன் 6 அன்று சோயுஸ்-34 ஐ அவர்களுக்காக வெறுமையாக அனுப்பியிருக்கிறார்கள். 175 நாள்கள் தங்கிவிட்டு, ஆகஸ்ட் 19 அன்று அதில்தான் இருவரும் திரும்பியிருக்கிறார்கள். பென்சில் எழுத்துகள் பாதி மங்கியிருந்தன. இரண்டு பேனாக்களையும் எடுத்து, அந்த நான்கு வரிகளின் மேல் மெல்ல மையிட்டேன்.