மோதிரமும் அலமாரியும்: மார்ச் மாதக் குறிப்புகள்

மார்ச் 3, திங்கள்

இன்று விழித்தபோது உடம்பு லேசாக இருந்தது. இரவில் ஒருமுறைகூட எழுந்த நினைவு இல்லை. பிறகு கைபேசியைத் திறந்தேன். விரலில் கிடக்கும் ஸ்மார்ட் மோதிரம் என் உறக்கத்திற்கு 61 மதிப்பெண் போட்டிருந்தது. ஆழ்ந்த உறக்கம் குறைவு என்றும், இன்று ஓய்வாக இருப்பது நல்லது என்றும் எழுதியிருந்தது. அதைப் படித்த சற்று நேரத்தில் எனக்குக் களைப்பு வந்துவிட்டது. அந்தக் களைப்பு உண்மையானது. பகல் முழுவதும் என்னை விடவில்லை.

மோதிரம் எதைத்தான் அளக்கிறது என்பதை இன்று உட்கார்ந்து படித்தேன். கையின் அசைவு, தோலுக்குள் ஒளி பாய்ச்சி அறியப்படும் நாடித் துடிப்பு, தோலின் வெப்பம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு அது உறக்கத்தின் நிலைகளை ஊகிக்கிறது. உறக்க ஆய்வகங்களில் தலையில் மின்முனைகளை ஒட்டி மூளை அலைகளையே பதிவு செய்வார்கள். விரலில் கிடக்கும் கருவிக்கு மூளை எட்டாது. உறங்கினோமா, விழித்திருந்தோமா என்பதை இத்தகைய கருவிகள் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகின்றன. ஆழ்ந்த உறக்கம் எவ்வளவு, கனவுறக்கம் எவ்வளவு என்று பிரிக்கும்போதுதான் பிசகுகின்றன. 2017இல் உறக்க மருத்துவ ஆய்விதழ் ஒன்றில், மதிப்பெண்ணை உயர்த்தும் கவலையிலேயே உறக்கத்தைத் தொலைத்தவர்களைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதி, அந்நிலைக்கு ‘ஆர்த்தோசோம்னியா’ என்று பெயரிட்டார்கள். ஆய்வகப் பதிவு நன்றாக உறங்கியதாகக் காட்டிய பிறகும், அப்படியானால் என் கருவி ஏன் வேறு மாதிரி சொல்கிறது என்று கேட்ட ஒரு பெண் அக்கட்டுரையில் வருகிறார். அவர் கேள்வி எனக்கு முழுவதும் புரிகிறது.

மார்ச் 4, செவ்வாய்

மறுபரிசோதனைக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரவில்லை.

மார்ச் 6, வியாழன்

கைகளுக்கு வேலை கொடுப்பதற்காக அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் கட்டிலின் மேல் போட்டேன். காப்ஸ்யூல் அலமாரி என்று எல்லோரும் பேசும் முறையின்படி, ஒன்றோடொன்று பொருந்தக்கூடிய சில ஆடைகளை மட்டும் வைத்துக்கொள்வதாக எண்ணம். இது இன்று பிறந்த யோசனை அன்று. லண்டனில் ஆடைக்கடை நடத்திய சூசி ஃபாக்ஸ் 1970களிலேயே இதைப் பேசினார். 1985இல் அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் டோனா கேரன் ஏழே உருப்படிகளைச் சுற்றித் தம் முதல் தொகுப்பை அமைத்தார். நல்ல துணியை வாங்கி, நெடுங்காலம் உடுத்தி, காலையில் எதை அணிவது என்ற குழப்பத்திலிருந்து விடுபடுவதே அதன் நோக்கம்.

ஆனால் இப்போது கண்ணில் படும் பட்டியல்கள் எல்லாம் வாங்கும் பட்டியல்களாக இருக்கின்றன. மணல் நிறக் கோட்டு, வெண்ணிறச் சட்டை, தந்த நிறப் பின்னலாடை என்று அவை அடுக்கும் எதுவும் என் கட்டிலின் மேல் கிடந்த குவியலில் இல்லை. குறைவாக வைத்துக்கொள்வதற்காக, இருப்பவற்றை எல்லாம் கழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று அவை என்னிடம் கேட்கின்றன. பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதரோ 1769இல் தம் பழைய அங்கியை எண்ணி வருந்தி ஒரு கட்டுரை எழுதினார். புதிய செந்நிற அங்கி வந்ததும் அறையில் இருந்த நாற்காலியும் மேசையும் படங்களும் அதற்கு ஈடாகாமல் போக, ஒவ்வொன்றாக அவர் மாற்ற வேண்டியதாயிற்று. பழைய அங்கிக்குத் தாம் எசமானராக இருந்ததாகவும், புதியதற்கு அடிமையாகிவிட்டதாகவும் அவர் சொல்கிறார். 250 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வரிசை அப்படியேதான் நடக்கிறது. தந்த நிறப் பின்னலாடை வந்தால் அதற்கேற்ற காலணி வர வேண்டும், பிறகு பை, பிறகு அதைத் தொங்கவிட ஒரு மரக்கொக்கி.

கருநீலக் கோட்டை மட்டும் தனியே எடுத்து வைத்தேன். அதன் இரண்டாவது பொத்தான் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

அக்கா பேசினாள். “நீ முதலில் நிம்மதியாக இரு, எல்லாம் மனத்தில்தான் இருக்கிறது” என்றாள். அன்பினால் சொன்னாள் என்று தெரிந்தும், போனை வைத்த பிறகு வெகுநேரம் என்னால் எந்த வேலையும் செய்ய முடியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மாத்திரைப் பெட்டியை மேசையில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். கடந்த முறை மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதைப் பற்றித்தான்: முடிக்கும் நகத்திற்கும் ஏதாவது சாப்பிடுகிறீர்களா? பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை என்றேன். எவ்வளவு என்று கேட்டார். புட்டியில் 5,000 மைக்ரோகிராம் என்று அச்சிட்டிருந்ததைச் சொன்னேன். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளுக்குப் போதுமானதாகக் கொள்ளப்படும் அளவு 30 மைக்ரோகிராம்தான் என்றும், அது சாதாரண உணவிலேயே கிடைத்துவிடும் என்றும் அவர் அமைதியாகச் சொன்னார். அதன் குறைபாடு மிக அரிது.

அதிகம் சாப்பிட்டால் உடம்புக்குக் கெடுதல் என்பது அவருடைய கவலை அன்று. இரத்தப் பரிசோதனைகள் பலவற்றில், பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒன்றையொன்று விடாப்பிடியாகப் பற்றிக்கொள்ளும் இயல்பைத்தான் கருவியாகப் பயன்படுத்துகிறார்கள். இரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் மிகுந்திருந்தால் அது அந்த இடங்களைப் பிடித்துக்கொள்கிறது, அளவு தவறிவிடுகிறது. தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் உள்ளதைவிடக் குறைவாகவும், தைராய்டு ஹார்மோன்கள் உள்ளதைவிட அதிகமாகவும் தோன்றலாம். இல்லாத நோய் தாளில் இருப்பதாகத் தெரியும். இதயத் தசை சேதமடைந்ததைக் காட்டும் ட்ரோபோனின் சோதனையில் இன்னும் ஆபத்து, ஏனெனில் இருக்கும் சேதமே மறைந்துபோகலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அப்படித் தவறிய ஒரு ட்ரோபோனின் முடிவைத் தொடர்ந்து ஒருவர் இறந்ததும் அதில் சொல்லப்பட்டிருந்தது.

இவ்வளவு முக்கியமான செய்தி அந்தப் புட்டியில் எங்கும் இல்லை. என்னைப் போன்றவர்கள் இதைப் பரிசோதனைக்குப் பிறகே தெரிந்துகொள்கிறார்கள். ஆரோக்கியம் என்ற பெயரில் விற்கப்படும் பொருள் ஆரோக்கியத்தை அறியும் வழியையே கலைத்துவிடக்கூடும் என்பதை, புட்டியில் மலரும் இலையும் வரைய இடம் இருந்தவர்கள் ஒரு வரியில் எழுதியிருக்கலாம். எனக்கு இதில் கோபம் இருக்கிறது.

ஒரு வாரமாவது நிறுத்தச் சொல்லியிருக்கிறார். நிறுத்திவிட்டேன். எனவே முதல் இரத்தப் பரிசோதனைத் தாளில் இருந்தது என் உடம்பின் செய்தியா, மாத்திரையின் செய்தியா என்பது இப்போது யாருக்கும் தெரியாது.

மார்ச் 10, திங்கள்

மதிப்பெண் 58. பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மார்ச் 12, புதன்

மாலையில் நடந்தேன். பத்தாயிரம் அடிகளை எட்டுவதற்காக வீட்டுக்குள் சுவரோரமாக நடந்து முடித்த இரவுகள் இந்த ஆண்டில் பல. இன்று இருட்டியதும் திரும்பிவிட்டேன். பத்தாயிரம் என்ற எண் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்ததன்று. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடைமானி ஒன்றுக்குப் ‘பத்தாயிரம் அடி அளவி’ என்று பொருள்படும் மான்போ-கெய் என்ற பெயரை வைத்தார்கள். எண் அந்தப் பெயரோடு உலகைச் சுற்றி வந்தது. 2019இல் ஆய்வாளர் ஐ-மின் லீயும் அவர் குழுவினரும் வயதான பெண்களிடம் நடத்திய ஆய்வில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500ஐ ஒட்டி அந்தப் பலன் சமநிலைக்கு வந்துவிட்டது. இந்த எண்கள் எனக்கு ஆறுதலாக இருந்தன. அதே சமயம், ஓர் எண்ணிடமிருந்து தப்பிக்க இன்னோர் எண்ணைத் தேடிப் பிடித்திருக்கிறேன் என்பதும் தெரிகிறது.

நடக்கும்போது கருநீலக் கோட்டை அணிந்திருந்தேன். பொத்தான் இல்லாத இடத்தில் காற்று புகுந்தது.

மார்ச் 13, வியாழன்

இன்று பார்த்த காணொளிகளில் பாதி கார்டிசோல் என்ற ஹார்மோனைப் பற்றியவை. முகம் வீங்கியிருந்தால் கார்டிசோல், விடியுமுன் விழித்துக்கொண்டால் கார்டிசோல், வயிறு பெருத்தால் கார்டிசோல். சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அதைக் காலையில் மிகுதியாகச் சுரப்பதால்தான் நாம் எழுந்து நடமாடுகிறோம்; நள்ளிரவை ஒட்டி அது தானாகவே தாழ்ந்துவிடும். முகம் உருண்டு வீங்கும் அளவுக்கு அது பெருகும் குஷிங் நோய்க்குறி உண்மையில் உண்டு. அது அரிதானது, மருத்துவரிடம் செல்ல வேண்டியது, குடிக்கும் கலவையால் தீராதது.

என்னை அதிகம் வருத்துவது வேறு. சரியாக மூச்சுவிட்டு, சரியாக உண்டு, சரியான நேரத்தில் திரையை அணைத்து வாழ்பவருக்கு நோய் வராது என்று இந்தப் பேச்சு முழுவதும் சொல்லாமல் சொல்கிறது. அப்படியானால் நோய்வாய்ப்பட்டவர் எங்கோ கவனக்குறைவாக வாழ்ந்தவர் ஆகிவிடுகிறார். காத்திருப்பு அறையில் எனக்கு எதிரே அமர்ந்திருந்த பெண்ணின் மடியில் உறங்கிய குழந்தை எந்தப் பழக்கத்தைத் தவறவிட்டது? மரபணுவும், தொற்றும், வேலையிடத்தின் புகையும், வயதும், வெறும் தற்செயலும் நோய்க்குக் காரணமாகின்றன. அவற்றை எல்லாம் மறந்துவிட்டு மனவுறுதியை மட்டும் பேசுவது இரக்கமற்றது. அக்கா சொன்னதை நான் ஏன் தாங்க முடியவில்லை என்பதும் இதை எழுதும்போதுதான் தெளிவாகிறது. அவளிடம் இதைச் சொல்ல வேண்டும். சண்டையாகிவிடாமல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மார்ச் 15, சனி

பொத்தான் தைத்தேன். ஒத்த நிறத்தில் கிடைக்கவில்லை. பழுப்பு நிறப் பொத்தானைக் கருநீல நூலில் வைத்துத் தைத்ததில் அது நன்றாகவே அமைந்துவிட்டது.

தைக்கும்போது உட்புறச் சீட்டைப் படித்தேன்: கம்பளி பாதிக்குமேல், மீதி பாலியெஸ்டர். கச்சா எண்ணெயிலிருந்து பிறக்கும் இந்த இழை, துவைக்கும்போதெல்லாம் நுண்ணிய துகள்களை நீரில் விடுகிறது. பருத்தியிலும் செலவு உண்டு. ஒரு பருத்தி டி-ஷர்ட்டை உருவாக்க ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் தேவை என்று மதிப்பிடுகிறார்கள். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தைய நாள் சுவர்களில் விரிசலைப் பார்த்த பிறகும் தையல் தொழிலாளர்களை உள்ளே போகச் சொன்னார்கள். இதை அறிந்தவர் ஆடையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், என்னிடம் இருக்கும் பதில் ஒன்றே: ஏற்கெனவே தைக்கப்பட்டுக் கையில் இருப்பதை, அது கிழியும்வரை உடுத்துவது. மணல் நிறம் இல்லாவிட்டாலும் என் அலமாரியில் இருப்பவை யாரோ உட்கார்ந்து தைத்தவை. கட்டிலின் மேல் குவித்தவற்றில் பெரும்பகுதியைத் திரும்ப அடுக்கிவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

மோதிரத்தைச் சார்ஜில் போட்டேன். மீண்டும் அணிந்துகொண்டேன்.

மார்ச் 17, திங்கள்

அழைத்தார்கள். வியாழக்கிழமை காலையில் மறுபரிசோதனை. குரல் சாதாரணமாக இருந்தது; அந்தச் சாதாரணத்திற்கு ஏதாவது பொருள் உண்டா என்று இரவுவரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

முகத்திற்கான புட்டிகளையும் குறைத்துவிட்டேன். ரெட்டினாலும், அமிலங்களும், வைட்டமின் சி சீரமும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து கன்னத்தை எரியவைத்துக்கொண்டிருந்தன. தோலின் மேலடுக்கு அவ்வளவையும் ஒருசேரத் தாங்காது. மென்மையான ஒரு கழுவி, மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மட்டும் மீதம். எஸ்பிஎஃப் (சன்ஸ்கிரீனின் காப்பு எண்) 30 சூரியனின் யுவிபி (ஒருவகைப் புற ஊதா) கதிர்களில் 97 விழுக்காட்டையும், எஸ்பிஎஃப் 50 ஏறத்தாழ 98 விழுக்காட்டையும் தடுக்கின்றன. போதிய அளவு பூசுவதும், வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்திற்கொருமுறை மீண்டும் பூசுவதுமே பெரிய வேறுபாட்டைத் தருகின்றன.

மார்ச் 19, புதன்

உறக்கம் வரவில்லை. புதிய பழக்கம் 21 நாளில் படிந்துவிடும் என்று எங்கும் எழுதுகிறார்கள். அறுவைச் சிகிச்சை நிபுணர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ், மாறிய முகத்திற்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது ஏறத்தாழ 21 நாள் ஆவதைக் கவனித்து 1960இல் எழுதிய குறிப்பு, ‘குறைந்தது’ என்ற சொல்லை வழியில் உதிர்த்துவிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி செய்த ஆய்வில் ஒரு பழக்கம் தானாக நிகழச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். அந்தக் கடைசிச் செய்திதான் எல்லா இடத்திலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மார்ச் 20, வியாழன்

இரத்தம் எடுத்தார்கள். உட்கொள்ளும் மாத்திரைகளை எழுதச் சொன்ன கட்டத்தில் பயோட்டின், நிறுத்திய நாள், அளவு எல்லாவற்றையும் எழுதி, படிவத்தை வாங்கியவரிடம் வாயாலும் சொன்னேன். அவர் அதைச் சிவப்பில் அடிக்கோடிட்டார். முடிவு திங்கட்கிழமை. அதற்குள் அக்காவிடம் பேசிவிட எண்ணியிருக்கிறேன்; இன்று மாலை அவள் வருகிறாள்.